ஏலமலையிலிருந்து ஐ.எல்.ஓ. வரை: தொழிலாளர் சட்டப் பயிற்சிப் பணிக்கு விண்ணப்பிக்கும் முறை

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு, உடும்பன்சோலைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் எர்ணாகுளத்திலும் தேனியிலும் சென்னையிலும் சட்டம் படிக்கிறார்கள். இறுதியாண்டு நெருங்கும்போது அவர்களில் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில், அதாவது ஐ.எல்.ஓ.வில், பயிற்சிப் பணிக்கு நம்மைப் போன்றவர்களை எடுப்பார்களா?

எடுப்பார்கள். போட்டி கடுமையானது, வழிகாட்ட ஆளில்லை, படிவம் முழுக்க ஆங்கிலம். ஆனால் நம் பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் அதனால் இல்லை. தோட்டத் தொழிலாளர் வழக்குகளோடு புழங்குகிறவன் என்ற முறையில் ஜூனியர்களின் விண்ணப்பக் கடிதங்களைத் திருத்திக் கொடுக்கிறேன். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த பிள்ளை எழுதிய கடிதத்தில் லயம் என்ற சொல்லே இருக்காது. “மனித உரிமைகளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவள்” என்று தில்லிப் பிள்ளைகள் எழுதுகிற வாக்கியத்தையே அவளும் எழுதியிருப்பாள். கையில் இருக்கும் சரக்கை மறைத்துவிட்டு, இல்லாத சரக்கைக் கடன் வாங்கி விற்கிற வேலை இது. தோட்டத்தை எப்படிச் சட்டமாக மாற்றி முன்வைப்பது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் அதிகம் பேசப்போகிறேன். படிவம், விசா போன்றவற்றை வேகமாகக் கடந்துவிடுவோம்.

முதலில், அந்த அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஐ.எல்.ஓ. 1919-ல் வெர்சாய் உடன்பாட்டின் பகுதியாகப் பிறந்தது. தலைமையகம் ஜெனீவா. உறுப்பு நாடுகள் 187; இந்தியா தொடக்க கால உறுப்பினர். ஐக்கிய நாடுகள் குடும்பத்தில் மற்ற எந்த அமைப்புக்கும் இல்லாத ஒரு தன்மை இதற்கு உண்டு. அரசு, முதலாளி, தொழிலாளி ஆகிய மூன்று தரப்பும் இங்கே வாக்களிக்கும். கேரளத்தில் தோட்டக் கூலியைப் பேசித் தீர்க்கிற தோட்டத் தொழிலாளர் கமிட்டியில் மந்திரியும் முதலாளி சங்கமும் தொழிற்சங்கங்களும் எதிரெதிரே உட்காருவதைச் சிறு வயதிலிருந்து கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். முத்தரப்பு என்பதன் நடைமுறை அதுதான்.

இந்த அமைப்போடு நம் பக்கத்துத் தொடர்பும் பழையது. சென்னைத் தொழிலாளர் சங்கத்தை 1918-ல் தொடங்கியவர்களில் ஒருவரான பி.பி. வாடியா, 1919-ல் வாஷிங்டனில் நடந்த முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டுக்கு என்.எம். ஜோஷியோடு சென்றார். அந்த மாநாட்டில் நிறைவேறிய முதல் உடன்படிக்கை எட்டு மணி நேர வேலையைப் பற்றியது. அதன் பத்தாவது பிரிவு பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும் வாரத்துக்கு 60 மணி நேரம் என்று தனி அளவு வைத்தது. நேர்காணலில் சொல்ல நல்ல தகவல். அதைவிட, இந்தியாவுக்கு என்று விதிவிலக்குகள் எங்கிருந்து தொடங்குகின்றன என்று யோசிக்க நல்ல இடம்.

அமைப்பின் வேலையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். உடன்படிக்கைகளையும் பரிந்துரைகளையும் உருவாக்குவது முதலாவது. ஆண்டுதோறும் ஜூனில் ஜெனீவாவில் கூடும் மாநாடு இதைச் செய்கிறது. ஏற்றுக்கொண்ட நாடுகள் அவற்றைக் கடைப்பிடிக்கின்றனவா என்று பார்ப்பது இரண்டாவது. சட்ட வல்லுநர்கள் 20 பேர் கொண்ட நிபுணர் குழு ஆண்டின் கடைசி மாதங்களில் உட்கார்ந்து நாடுகளின் அறிக்கைகளைப் படிக்கிறது. மூன்றாவது, தொழிலாளர் சட்டத்தைத் திருத்த விரும்பும் நாடுகளுக்கு ஆலோசனை சொல்வது. சட்டம் படித்த பயிற்சியாளருக்குப் பெரும்பாலும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் இடம் கிடைக்கும். பல நாட்டுச் சட்டப் பிரிவுகளை அருகருகே வைத்து ஒப்பிடுவது, மேற்கோள்களைச் சரிபார்ப்பது, கூட்டக் குறிப்பு எழுதுவது, அறிக்கைக்கு முதல் வரைவு தயாரிப்பது ஆகியவை அன்றாட வேலை. நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடுகிற பரபரப்பு எதுவும் கிடையாது. நாற்காலியில் நெடுநேரம் உட்காரப் பிடிக்காதவர்கள் இப்போதே யோசித்துக்கொள்ளலாம்.

தகுதி இருக்கிறதா?

ஐ.எல்.ஓ. பயிற்சிப் பணிக்குப் பொதுவாக முதுநிலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்க வேண்டும், அல்லது முடித்து ஓராண்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் ஆகிய மூன்றில் ஒன்று நன்றாகத் தெரிய வேண்டும். அங்கே வேலை செய்பவரின் நெருங்கிய உறவினராக இருக்கக் கூடாது. இந்தத் தகுதியில் நம் பக்கத்தார் அனைவரும் தேர்ச்சி! காலம் மூன்று முதல் ஆறு மாதம்.

எல்.எல்.எம்., அதாவது சட்ட முதுநிலை, படிப்பவர்களுக்குச் சிக்கல் இல்லை. ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப் படிப்பில் இருப்பவர்கள் “இதுவும் முதுநிலைக்குச் சமம்தானே” என்று தாங்களே முடிவு கட்டிவிட வேண்டாம். ஒவ்வோர் அறிவிப்பிலும் தகுதி தனியாக எழுதப்பட்டிருக்கும். அதை வரி விடாமல் படியுங்கள். சந்தேகமிருந்தால் அறிவிப்பில் உள்ள முகவரிக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போதும். ஐக்கிய நாடுகள் செயலகத்தின் பயிற்சிப் பணிக்கு இளநிலை இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அங்கே பணம் தர மாட்டார்கள். ஐ.எல்.ஓ. உதவித்தொகை தருகிறது. வீட்டில் ஒருவர் சம்பளத்தில் நான்கு பேர் சாப்பிடுகிற நம் குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாம்.

இன்னும் இரண்டு மூன்று ஆண்டு படிப்பு மிச்சமிருக்கிறது என்றால் அந்தக் காலத்தை வீணாக்க வேண்டாம். நொய்டாவில் வி.வி. கிரி தேசியத் தொழிலாளர் நிலையம், திருவனந்தபுரத்தில் கேரளத் தொழிலாளர் மற்றும் வேலைவாய்ப்பு நிலையம், சென்னையில் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் ஆகியவை இருக்கின்றன. தாலுகா சட்டப் பணிக் குழுவில் தன்னார்வலராகச் சேர்ந்து, தோட்டம் மூடியதால் கிராஜுவிட்டி கிடைக்காத முதியவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும் அனுபவம்தான். பீர்மேட்டில் 2000-க்குப் பிறகு கைவிடப்பட்ட தோட்டங்களின் தொழிலாளர்களிடம் கேட்டுப் பாருங்கள், மனு எழுத ஆள் தேவைப்படாத லயம் இருக்காது. சுயவிவரக் குறிப்பில் பெரிய வழக்கறிஞர் அலுவலகத்தில் கோப்பு தூக்கியதைவிட இது கனமாக நிற்கும்.

தில்லியா, ஜெனீவாவா?

இந்தியாவுக்கான ஐ.எல்.ஓ. அலுவலகம் 1928 முதல் இயங்குகிறது. இப்போது தில்லி லோதி சாலையில் இந்தியா ஹாபிடட் சென்டர் வளாகத்தில் இருக்கிறது. தெற்காசிய நாடுகளுக்கு ஆலோசனை சொல்லும் தொழில்நுட்பக் குழுவும் அங்கேதான். முதல் முறை விண்ணப்பிப்பவர்களுக்கு நான் தில்லியைத்தான் சொல்வேன். விசா வேண்டாம். கோட்டயத்திலோ ஆலுவாவிலோ கேரளா எக்ஸ்பிரஸில் ஏறினால் நேரே தில்லியில் இறங்கலாம். அங்கே வருகிற கோப்புகளில் இந்திய நிலவரம் அதிகம் என்பதால் உங்களுக்குத் தெரிந்தது உடனே பயன்படும். ஜெனீவாவில் சட்ட வேலை ஆழமாக இருக்கும், செலவும் அப்படியே. பிரெஞ்சு கொஞ்சமாவது தெரிந்தால் அங்கே கூடுதல் பலம்.

வீட்டுப்பாடம்: இதைச் செய்யாமல் விண்ணப்பிக்க வேண்டாம்

நார்ம்லெக்ஸ் என்ற பெயரில் ஐ.எல்.ஓ. ஒரு தகவல் தளம் வைத்திருக்கிறது. இலவசம். எந்த நாடு எந்த உடன்படிக்கையை எப்போது ஏற்றது, நிபுணர் குழு அந்த நாட்டைப் பற்றி என்ன எழுதியது என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்தியாவின் பக்கத்தைத் திறந்து ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். பெரும்பாலானோர் அடிப்படை உடன்படிக்கைகளோடு நின்றுவிடுவார்கள். கட்டாய உழைப்பு, சம ஊதியம், பாகுபாடு, குழந்தைத் தொழில் பற்றியவற்றை இந்தியா ஏற்றிருக்கிறது. குழந்தைத் தொழில் பற்றிய இரண்டும் 2017-ல்தான். சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய 1948-ன் 87-ஆம் எண்ணையும், கூட்டுப்பேரம் பற்றிய 1949-ன் 98-ஆம் எண்ணையும் ஏற்கவில்லை. அரசு ஊழியர்கள் மீதான கட்டுப்பாடுகளே இந்தியா சொல்லிவரும் காரணம்.

இதோடு நிறுத்தினால் “இந்தியா 87-ஐ ஏற்கவில்லை, எனவே மூணாற்றுத் தொழிலாளிக்குச் சர்வதேசப் பாதுகாப்பு இல்லை” என்று எழுதிவிடுவீர்கள். கல்லூரிக் கட்டுரைகளில் இதைப் பலமுறை படித்திருக்கிறேன். தவறு. விவசாயத் தொழிலாளர் சங்கம் சேரும் உரிமை பற்றிய 1921-ன் 11-ஆம் உடன்படிக்கையை இந்தியா 1923-லேயே ஏற்றது. கிராமப்புறத் தொழிலாளர் அமைப்புகள் பற்றிய 1975-ன் 141-ஆம் உடன்படிக்கையையும் ஏற்றிருக்கிறது. அதற்கும் மேலே, 1951 முதல் இயங்கும் ஐ.எல்.ஓ.வின் சங்கச் சுதந்திரக் குழுவிடம் ஒரு நாட்டின் மீது புகார் கொடுக்க அந்த நாடு 87-ஐ ஏற்றிருக்க வேண்டிய அவசியமே இல்லை. உறுப்பினராக இருந்தால் போதும். தனியாள் புகார் கொடுக்க முடியாது, தொழிற்சங்கமோ முதலாளிகள் அமைப்போ கொடுக்க வேண்டும். இந்த ஒரு பத்தியைப் புரிந்துகொண்டு பேசினால், நேர்காணலில் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொன்று. தோட்டங்களுக்கென்றே 1958-ல் 110-ஆம் எண் உடன்படிக்கை வந்தது. இந்தியா ஏற்கவில்லை. அதன் முதல் பிரிவைப் படியுங்கள். தேயிலை, காப்பி, ரப்பர், கரும்பு, வாழை, தேங்காய், சிங்கோனா என்று பயிர்கள் வரிசையாக வரும். ஏலக்காய் அதில் இல்லை. நாடு விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்கிற அடுத்த பட்டியலில், நெல், சிக்கரியோடு ஏலக்காயும் நிற்கிறது. நம்முடைய 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டமோ ஏலத்தை நேரடியாகவே சேர்த்திருந்தது. ஆனால் ஐந்து ஹெக்டேரும் 15 தொழிலாளரும் இருந்தால்தான் அது தோட்டம். வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்தில் எத்தனை ஏலக்காடுகள் அந்த அளவுக்குக் கீழே இருக்கின்றன என்பதைச் சொல்ல உங்களுக்கு ஆராய்ச்சி தேவையில்லை, ஜன்னலைத் திறந்தால் போதும். சர்வதேசப் பட்டியலில் ஏலம் ஓரத்தில் நிற்கிறது. உள்நாட்டுச் சட்டத்தில் இருந்தும் பாதி வெளியே நிற்கிறது. இப்படி ஒரு பார்வையை ஜெனீவாவில் உட்கார்ந்திருப்பவர் தாமாகக் கண்டுபிடிக்க மாட்டார்.

பழைய சட்டங்கள் 29-ஐத் திரட்டிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் (ஊதியம், தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணிப் பாதுகாப்பு) 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. தோட்டத் தொழிலாளர் சட்டமும் அதில் கரைந்துவிட்டது. எனவே பழைய பாடப் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு எழுத வேண்டாம். பழைய பிரிவு, புதிய பிரிவு இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால் அதுவே ஒரு தகுதி.

எழுத்து மாதிரி: போடி ஜீப்பிலிருந்து ஒரு சட்டக் கேள்வி

எழுத்து மாதிரி கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்று தயாராக இருக்கட்டும். எட்டுப் பக்கம் போதும். மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு எழுதியதைத் தூசி தட்டி அனுப்பாதீர்கள்.

தலைப்பு எப்படிப் பிறக்கிறது என்று ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன். விடிவதற்கு முன்னால் போடிநாயக்கனூரில் நில்லுங்கள். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஜீப்பில் ஏறுகிறார்கள். டிரைவர் தலையை எண்ணுகிறார். பின்கதவில் இருவர் தொற்றிக்கொள்கிறார்கள். வண்டி போடிமெட்டு ஏறி, எல்லை தாண்டி, பூப்பாறைக்கோ சாந்தன்பாறைக்கோ போய் ஏலக்காட்டில் அவர்களை இறக்கிவிடுகிறது. மாலையில் அதே வண்டி, அதே வளைவுகள், இரவுச் சமையலுக்கு வீடு. ஆண்டு முழுக்க இது நடக்கிறது. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகவும், கூடலூரிலிருந்து குமுளி வழியாகவும் இதே காட்சிதான்.

இப்போது சட்டக்காரரின் கண்ணால் பாருங்கள். இந்தப் பெண்ணுக்கு முதலாளி யார்? தோட்டக்காரரா, ஆள் சேர்த்து அனுப்பும் ஏஜெண்டா, வண்டிக்காரரா? ஜீப் வாடகையைத் தோட்டம் தருகிறதா, கூலியில் பிடிக்கிறார்களா? பிடித்தால் எந்தச் சட்டப்படி? அவள் பெயர் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வருகைப் பதிவேட்டில், இருக்கிறதா, வெறும் தலை எண்ணிக்கையா? மாலையில் தமிழ்நாட்டில் உறங்குகிறவள் பகலில் கேரளத்தில் புலம்பெயர் தொழிலாளியா? 1979-ன் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் மூலம் அழைத்துச் செல்லப்பட்டவரை மட்டுமே கணக்கில் எடுத்தது. 2020-ன் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு, சொந்தமாகப் போய் வேலை தேடிக்கொண்டவரையும் சேர்க்கிறது. ஊதிய வரம்பு மாதம் 18,000 ரூபாய். அன்றாடம் போய்வருபவர் அந்த வரையறைக்குள் வருவாரா என்பது எழுதத் தகுந்த கேள்வி.

அடுத்தது, மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்தால்? வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து வேலை தொடர்பான விபத்தா என்பது உலகம் முழுக்கத் தொழிலாளர் சட்டம் வாதாடும் விஷயம். பணியிட விபத்து என்பதை வரையறுக்கும்போது வழிவிபத்தை எந்த நிபந்தனையில் சேர்க்கிறோம் என்று நாடுகள் சொல்ல வேண்டும் என்கிறது 1964-ன் 121-ஆம் உடன்படிக்கை. வேலைக்கும் பயணத்துக்கும் நேரம், இடம், சூழல் சார்ந்த தொடர்பு இருந்தால் அது பணியிட விபத்தே என்று இந்தியாவின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் சொல்கிறது. தொடர்பை எப்படி நிரூபிப்பது? செக்ரோலில் பெயர் இல்லாதவள் எதைக் காட்டுவாள்? எட்டுப் பக்கக் கட்டுரை தயார். தேனி மாவட்டத்திலும் இடுக்கி மாவட்டத்திலும் இருப்பவர்களைத் தவிர வேறு யாரும் இதை இந்த நுணுக்கத்தோடு எழுத முடியாது.

இரண்டாவது தலைப்பு வேண்டுமா? 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் ஒன்பது நாள் நடத்திய போராட்டம். 20 சதவீத போனஸ் கேட்டார்கள். இருந்த தொழிற்சங்கங்களின் தலைவர்களைப் பந்தல் பக்கம் விடவில்லை. கேட்டதைப் போனஸும் கருணைத்தொகையுமாகச் சேர்த்து வாங்கினார்கள். அதன் பிறகு அக்டோபரில் தேயிலைத் தொழிலாளியின் நாள் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. வீரக்கதையாக இது ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. நீங்கள் சட்டக் கேள்வியை எடுங்கள். இன்றைய தொழிலுறவுத் தொகுப்பின்படி வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தொழிலாளரில் 51 சதவீதத்தைக் கொண்ட சங்கமே நிர்வாகத்தோடு தனித்துப் பேசும் சங்கம். எந்தச் சங்கத்திலும் நம்பிக்கையில்லாமல் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சாலைக்கு வந்த பெண்களுக்கு இந்த ஏற்பாட்டில் எங்கே இடம்? சங்கச் சுதந்திரக் குழு இதுவரை சொல்லிவந்த கோட்பாடுகளோடு அது ஒத்துப்போகிறதா?

ஒரு எச்சரிக்கை. மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு நிலச்சரிவில் லயங்களோடு புதைந்த 70 பேரைப் பற்றி எழுத நினைப்பவர்கள் உண்டு. எழுதலாம், தொழிலாளர் வீட்டுவசதி பற்றி 1961-ல் வந்த 115-ஆம் எண் பரிந்துரையும் இருக்கிறது. ஆனால் உறவினர்களிடம் பேட்டி எடுத்து, பெயர் போட்டு, கண்ணீரை மேற்கோளாக்க வேண்டாம். வீடு யாருடைய பொறுப்பு, ஆய்வாளர் எதைப் பார்க்கக் கடமைப்பட்டவர், இடத்தைத் தேர்வு செய்வதில் சட்டம் என்ன சொன்னது என்ற அளவில் நில்லுங்கள்.

விண்ணப்பமும் கடிதமும்

ஐ.எல்.ஓ.வின் அதிகாரபூர்வ வேலைவாய்ப்புத் தளத்தில் கணக்குத் தொடங்கி, உங்கள் விவரங்களை நிரப்பி, குறிப்பிட்ட அறிவிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். பொத்தாம்பொதுவாக மின்னஞ்சலில் சுயவிவரக் குறிப்பு அனுப்பினால் யாரும் படிக்கமாட்டார்கள். கடைசித் தேதி நள்ளிரவு என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஜெனீவா நேரம். அதை நம்பிக் கடைசி இரவு வரை காத்திருக்காதீர்கள். ஜூலை மழையில் மலையில் மின்சாரம் போனால் மறுநாள்தான் வரும். அறிவிப்பு முழுவதையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதி முடிந்ததும் தளத்திலிருந்து அது மறைந்துவிடும், நேர்காணலுக்கு அழைப்பு வரும்போது எந்த வேலைக்கு என்ன கேட்டிருந்தார்கள் என்று தெரியாமல் விழிக்க நேரும்.

கடிதத்தில் மூன்று பத்தி போதும். முதல் பத்தியில் அந்தக் குறிப்பிட்ட பிரிவின் வேலை என்ன, அதில் நீங்கள் எதைச் செய்ய முடியும் என்று சொல்லுங்கள். இரண்டாவதில் ஆதாரம். மூன்றாவதில் எப்போது வரமுடியும், எத்தனை மாதம் இருக்க முடியும்.

ஒரு மாணவி முதலில் எழுதியதன் சாரம் இது: “ஏழைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து பல துன்பங்களைக் கடந்து படித்தேன், அவர்களுக்குச் சேவை செய்வதே என் கனவு.” திருத்திய பிறகு இப்படி வந்தது: “என் தாயார் பீர்மேடு தாலுகாவில் கொழுந்தெடுப்பவர். ஐந்தாண்டுச் சம்பளச் சீட்டுகளில் உள்ள பிடித்தங்களை ஊதியத் தொகுப்பின் 18-ஆம் பிரிவோடு ஒப்பிட்டுக் கட்டுரை எழுதியிருக்கிறேன். தமிழ், மலையாள ஆவணங்களைப் படித்து ஆங்கிலத்தில் சுருக்கம் தர முடியும்.” அதே குடும்பம், அதே பெண். இரண்டாவதைப் படிப்பவர் பரிதாபப்பட மாட்டார். வேலை கொடுக்கலாமா என்று யோசிப்பார். மலையாளமும் தமிழும் எழுதப் படிக்கத் தெரிவதை மொழிப் பகுதியில் கடைசி வரியாக ஒளித்து வைக்காதீர்கள். கேரள அரசாணையையும் தமிழ்நாட்டு அரசாணையையும் ஒருவரே படிப்பது அரிய திறமை.

பரிந்துரைக்க இருவர் பெயர் தேவைப்படும். உங்களைத் தெரிந்த பேராசிரியர் ஒருவர், உங்கள் வேலையைப் பார்த்த வழக்கறிஞர் ஒருவர். எம்.எல்.ஏ.வின் கடிதம் வேண்டாம்.

பெயர்த் தகராறு

எல்லைப்புறத் தமிழருக்கு இது தனித் தலைவலி. ரேஷன் கார்டில் மலையாள வழியாக வந்த எழுத்துக்கூட்டு, பள்ளிச் சான்றிதழில் வேறொன்று, ஆதாரில் தலைப்பெழுத்து முன்னால், பட்டத்தில் பின்னால். சர்வதேசப் படிவங்கள் குடும்பப் பெயர் கேட்கும். நமக்கு அப்படி ஒன்று கிடையாது. தீர்வு எளிது: பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் தலைப்பெழுத்தை விரித்து, தந்தை பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு எடுங்கள். சான்றிதழ்களில் வேறுபாடு இருந்தால் இரண்டும் ஒருவரே என்ற சான்றிதழை வில்லேஜ் ஆபீஸில் இப்போதே வாங்கி வையுங்கள். தேர்வான பிறகு அலைந்தால் சேரும் தேதி போய்விடும்.

நேர்காணல்

காணொளியில்தான் நடக்கும். ஜெனீவா நேரம் நமக்குக் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி பின்னால். அழைப்பில் எந்த நேரம் என்று தெளிவாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எஸ்டேட்டில் சிக்னலை நம்ப வேண்டாம். அடிமாலியிலோ தேனியிலோ நண்பர் வீட்டில் முதல் நாளே போய்த் தங்குங்கள்.

கேள்விகள் கடினமாக இருக்காது, ஆனால் குறிப்பாக இருக்கும். உடன்படிக்கைக்கும் பரிந்துரைக்கும் என்ன வேறுபாடு (முன்னதை நாடு ஏற்றால் கட்டுப்படுத்தும், பின்னது வழிகாட்டி), உங்கள் கட்டுரையில் எதிர்த்தரப்பு என்ன சொல்லும், ஒரே வேலைக்கு இருவர் இரண்டு கெடு கொடுத்தால் என்ன செய்வீர்கள் என்பன போன்றவை. எதிர்த்தரப்புக் கேள்வியில்தான் நம் பிள்ளைகள் சறுக்குவார்கள். முதலாளி சொல்வதில் நியாயமே இல்லை என்று பேசினால் முத்தரப்பு அமைப்பில் அது எடுபடாது. தேயிலை விலை, உற்பத்திச் செலவு, ஏற்றுமதி ஆகியவற்றைச் சொல்லி முதலாளி சங்கம் என்ன வாதிடுகிறது என்று ஒப்பித்துக் காட்டிவிட்டு, பிறகு உங்கள் வாதத்தை வையுங்கள். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி, எங்கே தேடுவேன் என்றும் சொல்லுங்கள்.

பணமும் மோசடியும்

விண்ணப்பத்துக்கோ நேர்காணலுக்கோ பயிற்சிக்கோ ஐ.எல்.ஓ. எந்தக் கட்டத்திலும் ஒரு ரூபாய்கூடக் கேட்காது. கேட்கிறவர் மோசடிக்காரர். கம்பத்திலோ கட்டப்பனையிலோ ஓர் அலுவலகம் “ஐ.நா. இன்டர்ன்ஷிப் வாங்கித் தருகிறோம்” என்று போர்டு போட்டால் படியேறாதீர்கள்.

பயணச் செலவும் விசாச் செலவும் உங்களுடையவை. உதவித்தொகை மாத முடிவில்தான் கைக்கு வரும். எனவே முதல் மாத வாடகை, முன்பணம், சாப்பாட்டுக்குக் கையில் இருப்பு வேண்டும். ஜெனீவா என்றால் இது பெரிய தொகை. தேர்வுக் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதி இடத்துக்கு எழுதுங்கள். சிதே யூனிவர்சிதேர் போன்ற இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். வாடகை குறைவு என்று எல்லை தாண்டிப் பிரான்ஸ் பக்கம் அறை எடுப்பவர்கள் உண்டு. காலையில் ஒரு நாடு, மாலையில் ஒரு நாடு என்பது நமக்குப் புதிதில்லை என்றாலும், உங்கள் விசா அதற்கு இடம் தருகிறதா என்று முதலில் கேளுங்கள்.

சேர்ந்த பிறகு

முதல் வாரத்திலேயே மேற்பார்வையாளரிடம் பேசி, எந்தெந்த வேலை, எப்போதுக்குள் என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரு வேலையாவது உங்கள் பெயர் சொல்லும் அளவுக்கு முழுமையாக இருக்க வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள்; கேட்காதவருக்கு நகலெடுக்கும் வேலையே மிஞ்சும். அங்கே பார்க்கும் கோப்புகளைப் பற்றி வெளியே எழுதக் கூடாது, முகநூலிலும் கூடாது. ஊரில் சங்கத் தலைவர் “நம்ம கேஸ் அங்கே வந்திருக்கிறதா, கொஞ்சம் பார்த்துச் சொல்லு தம்பி” என்று போனில் கேட்பார். அண்ணே, அது முடியாது என்று அன்போடு சொல்லிவிடுங்கள்.

மதிய உணவு நேரத்தில் தனியாக உட்கார வேண்டாம். தொழிலாளர் தரப்புப் பிரிவு, முதலாளி தரப்புப் பிரிவு இரண்டிலும் இருப்பவர்களோடு பேசுங்கள். ஒரே பிரச்சினையை இருவர் விவரிக்கும் விதத்தைக் கேட்பது புத்தகத்தில் கிடைக்காத படிப்பு. கடைசி மாதம் தொடங்கும்போதே சான்றிதழையும் பரிந்துரைக் கடிதத்தையும் கேட்டுவிடுங்கள். அதிகாரிகள் வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போய்விடுவார்கள். ஆறு மாதம் கழித்து எழுதினால் உங்களை நினைவு வைத்திருப்பவர் அந்த அறையில் இருக்கமாட்டார்.